ஏஜென்ட் தொட மாட்டேன்னு சொன்ன செகண்ட் ஹேண்ட் செட்டு: உங்களுக்கும் நடந்திருக்கா?

செந்தூல்வாசி
டாமான்சாரா பக்கம் ஒருவரிடம் ஜப்பான் கம்பெனி இன்டகிரேட்டட் ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபையர்) ஒன்று வாங்கினேன். பெட்டி, ரிமோட், புத்தகம் எல்லாம் இருந்தது. சூடேறியதும் இடது பக்கம் சத்தம் போய்ப் போய் வரும். ஸ்பீக்கர் ரிலேதான், அதாவது ஸ்பீக்கரை இணைத்து விடும் உள் சுவிட்ச், உங்களுக்கெல்லாம் தெரிந்த வியாதி. இருந்தாலும் முறையாகச் செய்வோமே என்று அந்த பிராண்டை இங்கே விற்கும் ஏஜென்டின் சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

கவுண்டரில் இருந்த பிள்ளை என்ன பழுது என்று கேட்கவே இல்லை. செட்டைத் திருப்பி, போன் லைட்டை அடித்து, சீரியல் நம்பரைத் தட்டினாள். "இது சிங்கப்பூர் செட்டு அங்கிள், நாங்க விக்கல." வாரண்டி வேண்டாம்மா, காசு கொடுக்கிறேன் என்றேன். "காசு கொடுத்தாலும் எடுக்க முடியாது." சொல்லிவிட்டு செட்டை என் பக்கம் தள்ளினாள். ரப்பர் கால் கண்ணாடி மேசையில் கிறீச்சென்று இழுபட்டது. அந்தச் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், அதே மூன்று கால் பிளக். பாலத்துக்கு அந்தப் பக்கம் விற்றால் உள்ளே இருக்கிற ரிலே வேறு ஜாதியா?

ஊசிமுனை
அண்ணே, கோபம் புரியுது. ஆனா நான் பல வருஷம் ஹைஃபை கடையில வேலை செஞ்சவன், மறுபக்கமும் சொல்லணும். ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கி அடுக்கி வைக்கிறது, டெக்னீஷியனுக்குச் சம்பளம், டெமோ ரூம் வாடகை எல்லாமே செட்டு வித்த லாபத்துல இருந்துதான் வரணும். வெளியில மலிவா வாங்கிட்டு பழுதானா மட்டும் இங்க தூக்கிட்டு வந்தா எப்படி? ஒருத்தர் பின்பக்க ஸ்டிக்கரையே சுரண்டிட்டுக் கொண்டு வந்தார். நம்பர் எங்கன்னு கேட்டா, "வாங்கும்போதே அப்படித்தான்" னு சொல்லிட்டு சீலிங்கப் பாக்குறார். ஏ.பி. செட்டு, அதாவது ஏஜென்ட் வழியா வராம வெளியில இருந்து வந்த செட்டு, வாங்கறவங்க அந்த விலை வித்தியாசத்துல ரிப்பேர் காசும் இருக்குன்னு நெனச்சுத்தான் வாங்கணும்.

ஜெலுத்தோங் ரிக்கார்டு
என் கதை பினாங்கு லோரோங் கூலிட்ல. ஸ்டேடியம் பக்கம் காலைச் சந்தையில ஒரு ஜப்பான் டர்ன்டேபிள் (ரிக்கார்டு பிளேயர்), பெல்ட் டிரைவ், பளபளன்னு இருந்துச்சு. வீட்டுக்கு வந்து ஸ்டெப் டவுன் (வோல்ட்டைக் குறைக்கிற டிரான்ஸ்பார்மர்) போட்டு ஓட்டினா டி.எம்.எஸ். குரல் கெணத்துக்குள்ள இருந்து வருது. எங்கப்பா பக்கத்துல உக்காந்து, "யாருடா இது, சளி புடிச்சவன் பாடுறான்?" னு கேட்டாரு. சிரிக்கவும் முடியல, அழவும் முடியல.

ஜப்பான்ல தோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா பக்கம் 60 ஹெர்ட்ஸ். இந்த மாதிரி மோட்டார் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. எனக்கு வந்தது ஒசாகா பக்கத்து புல்லி, அதாவது மோட்டார்ல பெல்ட் மாட்டுற சின்னச் சக்கரம். நம்ம 50ல ஓட்டினா நிமிஷத்துக்கு 33⅓ சுத்த வேண்டியது 27.8தான் சுத்தும். ஏஜென்டுக்கு போன் போட்டேன். ஜப்பான் உள்நாட்டு செட்டுன்னா புல்லி கூட விக்க மாட்டாங்களாம். பட்டர்வொர்த்துல ஒரு லேத் பட்டறை தவுக்கே பித்தளையில கடைஞ்சு கொடுத்தாரு. பழசை விட விட்டம் 1.2 மடங்கு, அவ்வளவுதான் கணக்கு. பெல்ட் தடிப்பையும் சேர்த்துக் கணக்குப் பண்ணுங்க, இல்லன்னா கொஞ்சம் இழுக்கும்.

பழைய வால்வு
என்னிடமும் ஒரு 100 வோல்ட் செட்டு உண்டு, அதையும் ஏஜென்ட் திருப்பி அனுப்பினார். அது கிடக்கட்டும். தம்பிமார்களுக்குச் சில விஷயம்.

ஸ்டெப் டவுன் என்று கேட்டால் கடையில் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் 110 வோல்ட். ஜப்பான் செட்டுக்கு வேண்டியது 100. நம் மலேசியாவில் 2008 ஜனவரி முதல் அதிகாரபூர்வ அளவு 230 வோல்ட், அதிலும் 10 சதவீதம் மேலே போகலாம், அதாவது 253 வரை. 240க்கு 110 என்று சுற்றிய டிரான்ஸ்பார்மரில் 253 ஏறினால் வெளியே 116 வரும். 100 வோல்ட் செட்டுக்குள் அதை விட்டால் கெப்பாசிட்டர் எத்தனை நாள் தாங்கும்? சூடு, ஹம் என்ற இரைச்சல், பிறகு கெப்பாசிட்டர் உப்பல். மீட்டர் வைத்து அளந்து பார்க்காமல் செருகாதீர்கள்.

இரண்டாவது, காசு கொடுக்கும் முன்பே சீரியல் நம்பரைப் போட்டோ எடுத்து ஏஜென்டிடம் கேட்டுவிடுங்கள். விற்பவர் நம்பர் தர முரண்டு பிடித்தால் அங்கேயே பதில் கிடைத்துவிட்டது. அப்புறம் அரை மணி நேரமாவது சூடேற விட்டுக் கேளுங்கள். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு அவுட்புட்டில் டி.சி. (நேர்மின்) வோல்ட் எவ்வளவு என்று மீட்டரில் பாருங்கள், 50 மில்லிவோல்ட்டுக்கு மேல் நின்றால் விலை பேச வேண்டாம், கிளம்புங்கள். ஏஜென்ட் கை விட்ட செட்டுக்கு நாமே பார்ட்ஸ் தேட வேண்டிவரும். கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் நல்ல கடைகள் உண்டு. ஆனால் 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 மாதிரி அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் போலிச் சரக்கு உலகம் பூராவும் ஓடுகிறது. மலிவாக ஆன்லைனில் கிடைக்கிறதே என்று வாங்கினால் வால்யூமை ஏற்றின அன்றே புகை.

செந்தூல்வாசி
ஐயா, என் செட்டு 230 வோல்ட்.

பழைய வால்வு
மற்றவர்களுக்கும் பயன்படுமே என்று எழுதினேன்.

பிரிக்பீல்ட்ஸ் மாலா
நான் ஒழுங்கா லோக்கல் செட்டு, ரசீதோட வாங்கினேன். ரசீது இருக்குன்னே சில நூறு வெள்ளி கூட. ஆக்டிவ் ஸ்பீக்கர், ஒரு பக்கம் செத்துப்போச்சு. கவுண்டர்ல ரசீதைப் பாத்துட்டு, "இதுல உள்ள என்சிக் எங்க?" ன்னு கேட்டாங்க. முதல்ல வாங்கினவர் வந்தாத்தான் வாரண்டியாம். எனக்கு வித்த பாக் சிக்குக்கு கூச்சத்தோட மெசேஜ் போட்டேன். மனுஷன் கோம்பாக்கிலிருந்து மழைகோட்டு மாட்டிக்கிட்டு மோட்டார்ல வந்து நின்னார்! கையெழுத்துப் போட்டுட்டு ஒரு தே தாரிக் கூட வாங்கிக் குடிக்காம போயிட்டார். எல்லாருக்கும் இப்படி ஒரு ஆள் கிடைப்பாரா?

கிள்ளான் லாமா
ஊசிமுனை அண்ணே, லாபக் கணக்கு சரி. ஆனா 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37ஆம் பிரிவு என்ன சொல்லுது? ரிப்பேர் வசதியும் ஸ்பேர் பார்ட்ஸும் நியாயமான காலத்துக்குக் கிடைக்க, தயாரிப்பாளரும் விற்பவரும் நடவடிக்கை எடுக்கணும். 5 வெள்ளி கட்டி பயனீட்டாளர் நடுவர் மன்றத்துல வழக்குப் போடலாம், 50,000 வெள்ளி வரைக்கும்.

ஊசிமுனை
முழுசாப் படிங்க தம்பி. விக்கும்போதே "பார்ட்ஸ் கிடைக்காது" ன்னு தெரியப்படுத்திட்டா அந்தப் பொறுப்பு இல்லைன்னு அதே பிரிவுல இருக்கு. அதோட, அண்ணன் வாங்கினது கடையில இல்ல, தனி ஆள்கிட்ட. சிங்கப்பூர்ல வித்த செட்டுக்கு இங்க உள்ள ஏஜென்ட் எப்படி "விற்பவர்" ஆவாரு?

ஆயர் ஈத்தாம் 78
அப்ப எனக்குப் பதில் சொல்லுங்க. புது செட்டு, ஜார்ஜ்டவுன் கடையில, என் பேர்ல ரசீது. நடுவுல பிராண்டு வேற ஏஜென்ட் கைக்குப் போயிடுச்சு. புது ஏஜென்ட், "இது பழைய ஏஜென்ட் வித்தது, எங்க லிஸ்ட்ல இல்ல" ங்கிறார். பழைய ஏஜென்ட், "பார்ட்ஸை எல்லாம் ஒப்படைச்சிட்டோம்" ங்கிறார். நான் ஏ.பி. செட்டும் வாங்கல, செகண்ட் ஹேண்டும் வாங்கல. இப்ப விக்கப் போனா வாங்க வர்றவங்க எல்லாம், "சர்வீஸ் இல்லாத செட்டுதானே" ன்னு பாதி விலை கேக்குறாங்க.

ஊசிமுனை
அது அநியாயம்தான், அதுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். எந்த பிராண்டு?

ஆயர் ஈத்தாம் 78
இப்ப போட மாட்டேன். கெஞ்சிக் கூத்தாடி போன வாரம்தான் உள்ள எடுத்திருக்காங்க. செட்டு இன்னும் அவங்க கிட்டதான் இருக்கு.