குதிரையப் படுக்கப் பழக்குனவங்க இருக்கீங்களா? ஒரு விஷயம் மனசுலயே கெடக்குது

கோபிக்காரன்

குதிரை வெச்சிருக்கறவங்களுக்கு வெளக்கம் வேண்டியதில்ல, நேரா வர்றேன். ரெண்டு வருசம் முன்ன அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடி நோம்பிச் சந்தையில ஒரு நுக்ரா பெட்டைய, அதான் வெள்ளைக் குதிரைய, புடிச்சேன். கல்யாணத்துக்கு வாடகைக்கு உடலாம்னு யோசனை. நல்லா ஆடும். சொன்னாப் படுக்கவும் செஞ்சா இன்னும் சேத்திக் கேக்கலாம்னு ஒருத்தரு சொல்லி, பழக்கறதுக்கு ஒரு ஆளையும் கூட்டியாந்துட்டாரு.

அந்தாளு எடது முன்னங்கால மடக்கிக் கட்டுனாரு. வலது காலுக்கு இன்னொரு கயிறு போட்டு, முதுகு மேல கொண்டாந்து புடிச்சுக்கிட்டாரு. மூணு கால்ல தத்தித் தத்தி நின்னுது. இருவது நிமிசம் இருக்கும். வயித்துலிருந்து வேர்வை சொட்டி மண்ணுல புள்ளி புள்ளியா விழுகுது. அப்புறம் மொழங்கால் தரையில பட்டுது, ஒருக்களிச்சுச் சாஞ்சுது. சாஞ்சதும் ஒரு மூச்சு உட்டுது பாருங்க, மூக்குக்கு முன்னால கெடந்த தவிட்டுத் தூசி ஒரு முழம் தள்ளிப் போயி விழுந்துது. "படிஞ்சிருச்சுங்க"ன்னு சொல்லீட்டு அவரு பீடி பத்த வெச்சாரு.

இப்ப என்னன்னா, நான் கயிறு எடுத்துட்டுப் போனாலே படுத்துக்குது. லாடம் அடிக்கறதுக்குப் போனாலும் சரி, மேய்ச்சலுக்கு மாத்திக் கட்டப் போனாலும் சரி. வாயத் தொறக்கறதுக்கு முன்னாலயே. ஊட்டுக்கு வர்ற ஒரம்பரை எல்லாம் "அட, என்னா அறிவு"ங்கறாங்க. எனக்கு அறிவுன்னு தோணுல. உங்க குதிரைக எப்படிப் படுக்குது?

பவானி ஆத்தோரம்

அதே அந்தியூருங்க. போன வருசம் ஒருத்தர் கட்டில் மேல குதிரைய ஏத்தி ஆட வெச்சாரு, பொறகு கீழ எறக்கிப் படுன்னாரு. படுத்துது. பையன் ஒருத்தன் அது மேல உக்காந்து போட்டோ எடுத்துக்கிட்டான். எந்திரின்னாரு, எந்திரிக்கல. மறுக்காச் சொன்னாரு, தட்டுனாரு. பாத்தா கண்ணு மூடி, கீழ் ஒதடு தொங்கி, கொர்ருனு சத்தம் வருது! தூங்கிருச்சுங்க. அத்தன மேளம், அத்தன கூட்டம். சனமெல்லாம் வயிறு வலிக்கச் சிரிச்சுது. சொந்தக்காரர் மேல எவ்வளவு நம்பிக்கை இருந்தா அப்படித் தூங்கும்? கோபியண்ணா, உங்குளுதும் அந்த மாதிரி நம்பிக்கையாத்தான் இருக்கும், மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க.

கொறங்காட்டுக்காரி

பவானித் தம்பி, அது நம்பிக்கை இல்ல, அசதி. குதிரை நின்னுட்டே கண்ணசரும், காலு பூட்டுப் போட்ட மாதிரி நிக்கும். ஆனா ஆழ்ந்த தூக்கம் படுத்தாத்தான் வரும், ஒரு நாளைக்கு அரை மணி நேரமாச்சும் வேணும். சந்தையில நாலு நாளு ராப்பகலா லைட்டு, மைக்கு. எங்க படுக்கும்? படுக்கச் சொன்ன எடத்துல விட்ட தூக்கத்தத் தூங்கிருக்கு. அடுத்த தடவை முன்னங்கால் கணுவுக்கு முன்பக்கம் பாருங்க. நிக்கும்போதே தூக்கம் தள்ளி மடங்கி விழுகற குதிரைக்கு அங்க காயம் இருக்கும்.

எங்க செவலைய நான் கயிறில்லாமத்தான் பழக்குனேன். குளிப்பாட்டி மணல்ல உட்டா எந்தக் குதிரையும் பொரளும். அதுக்கு முன்ன முன்னங்கால்ல மண்ணப் பறிக்கும், மோந்து பாக்கும், ஒரு சுத்துச் சுத்தும், காலெல்லாம் ஒண்ணாச் சேத்தி மொழங்கால மடிக்கும். மடிக்கற அந்த நொடியில "படு"ன்னு சொல்லணும். படுத்ததும் ஒரு துண்டு வெல்லம். அவ்வளவுதான். எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு. அப்புறம் மணலில்லாத எடத்துலயும் சொன்னாப் படுத்துது.

வினை அதுலதான் வந்துது. தாராபுரம் பக்கம் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. செவலை மேல மாப்பிள்ளை, பட்டு வேட்டி, மாலை எல்லாம். பாட்டுக்காரரப் பாத்துப் பசங்க "பாடு! பாடு!"ன்னு கத்துனானுங்க. செவலை காத நிமித்துச்சு. எனக்குப் புரியறதுக்குள்ள மொழங்கால மடக்கிருச்சு. மாப்பிள்ளை மெதுவாத்தான் எறங்குனாரு, பல்லக்குல இருந்து எறங்கற மாதிரி. ஆனா அந்தம்மா, மாமியாராகப் போறவங்க, என்னப் பாத்த பார்வை இருக்கே! படுத்த எடத்துல இருந்து கழுத்த நீட்டி வெல்லத்துக்கு என் கையத் தேடுது இந்தக் கழுத. இன்னும் அந்த ஊரு வழியா நான் பஸ்ஸுல கூடப் போறதில்ல.

அந்தியூர் பக்கத்தான்

கயிறு கட்டறத என்னமோ கொலக் குத்தமாட்டப் பேசறீங்க. எங்கப்பாரு காலத்துல இருந்து காலக் கட்டித்தான் படுக்க வெப்பாங்க. இது நம்மூர் பரம்பரை முறை. வெல்லம் குடுத்துப் பழக்குனா மாப்பிள்ளையத்தான் எறக்கி உடும்.

கொறங்காட்டுக்காரி

எறக்கித்தான் உட்டுது, தள்ளி உடல. நம்மூர் முறைன்னு சொல்லாதீங்க. இதே காலக் கட்டற வித்தைய ஜான் ரேரிங்கற அமெரிக்காக்காரரு லண்டன்ல காசு வாங்கிட்டுச் சொல்லிக் குடுத்தாரு, 1858ல விக்டோரியா ராணி முன்னாலயே செஞ்சு காட்டுனாரு. உங்கப்பாரு யாருகிட்டக் கத்துக்கிட்டாரோ எனக்குத் தெரியாது, ஆனா இது எல்லா ஊர்லயும் இருந்த முறைதான். அந்த ரேரியே அடிக்காதீங்க, சாஞ்ச குதிரையத் தடவிக் குடுங்கன்னுதான் சொன்னாரு. பீடி பத்த வெக்கச் சொல்லல.

காளை வளத்தவன்

நமக்குக் காங்கேயம் மாடுதான், குதிரை பழக்கமில்ல. ஆனா ஒண்ணு கண்ணால பாத்தேன், சொல்லீட்டுப் போறேன். எங்க பங்காளி மாடு புடிச்ச தெகிரியத்துல குதிரை வாங்குனாரு. படுக்க வெச்சுட்டாரு. எந்திரிக்கச் சொல்லிக் கயித்தச் சுண்டும்போது அது மூஞ்சிக்கு நேரா நின்னாரு. மாடுன்னா பின்பக்கத்தத்தான் மொதல்ல தூக்கும், முன்னங்கால் கடைசிலதான் வரும், நாம முன்னால சாவகாசமா நிக்கலாம். குதிரை தலைகீழ். முன்னங்கால் ரெண்டையும் நீட்டி ஊணி, தலைய வீசி, முன்பக்கமாத்தான் எந்திரிக்கும். லாடம் நேரா மொழங்கால் சில்லுல. தேங்கா ஒடைக்கற சத்தம். இப்பவும் பொழுதோட நொண்டிக்கிட்டேதான் பால் ஊத்தப் போறாரு.

பழைய ஜட்கா

கோயமுத்தூர்ல எங்க அப்புச்சி ஜட்கா ஓட்டுனவரு. ஒருநா ஸ்டேசன் முன்னால ஏர்க்காலுக்குள்ளயே குதிரை படுத்துருச்சு, சவாரிக்காரங்க எறங்கி நடந்துட்டாங்க, அப்புச்சி மட்டும் வெயிலுக்குத் துண்டப் புடிச்சுக்கிட்டு அது பக்கத்துலயே உக்காந்திருந்தாரு. அதுதான் என் அனுபவம்.

இப்ப எல்லாருக்கும் சில விஷயம். படுக்கச் சொல்ற வார்த்தையப் பாத்துப் பொறுக்கி எடுக்கணும். பாடு, படு, கொடு எல்லாம் சனம் நாள் முழுக்கப் பேசற வார்த்தை. யாரும் பேசாத ஒண்ணா வெச்சுக்கணும், இல்லைன்னா தோள்ல ரெண்டு தட்டுன்னு வெச்சுக்கணும். காங்கிரீட்டுலயோ தார் ரோட்டுலயோ படுக்க வெக்கக் கூடாது, முட்டி தேஞ்சிரும். மணல் இல்லைன்னா சோளத்தட்டையாச்சும் பரப்புங்க. சேணத்தக் கழட்டாமப் படுக்க வெச்சா ஒரு நா அது பொரளும், சேணமும் போச்சு, முதுகும் போச்சு. கொள்ளு தின்ன கையோட வேண்டாம். படுத்த குதிரைய மணிக்கணக்கா அழுத்தி வெக்கக் கூடாது, அத்தன எடையும் அடிப்பக்கச் சதையையும் நுரையீரலையும் நசுக்கும். ஒரே பக்கமாவே படுக்கப் பழக்காதீங்க. காசு வாங்கி வித்தை காட்டறதுன்னா வித்தை காட்டும் விலங்குகள் பதிவு விதிகள் 2001ல இருந்தே இருக்கு, விலங்கு நல வாரியத்துல பதியணும். கொறங்காட்டு அம்மணி வெல்லம்னாங்க, வெல்லமும் அளவாத்தான். கேரட் மேல். நுக்ராவுக்குத் தோலு ரோசா நெறம், உச்சி வெயில்ல படுக்க வெச்சா மூக்கெல்லாம் வெந்துரும். அப்புறம் எங்க அம்மாயி சொல்லும், கருப்பராயன் கோயில் மண்குதிரை எதாச்சும் படுத்து நீ பாத்திருக்கியா, நிக்கறதுக்குன்னே பொறந்த சாதிடா அதுன்னு. அம்மாயிக்கு ரெண்டு புருவத்துக்கும் நடுவுல பச்சை குத்தியிருக்கும், அது வேற கதை.

பவானி ஆத்தோரம்

ஐயா, கேட்டது ஒரே கேள்விதாங்க.

ஓய்வு பெற்ற கம்பவுண்டர்

கால்நடை மருந்தகத்துல வேலை பாத்து ஓய்வு பெற்றவன். ஊர் பேர் வேண்டாம். ஒரு கோயில் விசேஷம். பழக்கின குதிரை, ஆடி முடிச்சதும் படுத்தது. கை தட்டினாங்க. எழுந்தது. யாரும் சொல்லாம மறுபடியும் படுத்தது. இன்னும் பலமாத் தட்டினாங்க, ஒருத்தர் அம்பது ரூபா நோட்டைக் கடிவாளத்துல செருகினார். நானும் தட்டினேன், மறைக்கலை. மூணாவது தடவை படுத்தப்பதான் கவனிச்சேன், தலையைத் திருப்பித் தன் விலாவைப் பாக்குது. மேல் உதட்டைச் சுருட்டுது. வயிற்று வலி. குதிரையால வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது எதுவும் அந்த வழியா வெளியே வராது. கூட்டத்தை விலக்கி டாக்டரை வரவழைக்க ரெண்டு மணி நேரம் ஆச்சு. காப்பாத்த முடியலை.

நல்ல விதமாப் பழக்கினீங்களா, கெட்ட விதமாப் பழக்கினீங்களாங்கற சண்டைக்கு நான் வரலை. சொல்லாமப் படுத்தா, தட்டறதுக்கு முன்னாடி வயிற்றுல காதை வெச்சுக் கேளுங்க. குடல் எரைச்சல் கேட்கணும். சத்தமே இல்லைன்னா ஓடுங்க.

கோபிக்காரன்

கம்பவுண்டர் ஐயா எழுதுனதப் படிச்சதும் தூக்கம் போயி, ராத்திரியே போயி காது வெச்சுக் கேட்டேன். எரைச்சல் நல்லாக் கேக்குது. வயித்துல ஒண்ணுமில்ல.

காலையில கயிற ஊட்டுலயே வெச்சுட்டுப் போனேன். கையில கொள்ளுக் கூடை மட்டும். நின்னுட்டே இருந்தா. கிட்டப் போனேன், கூடைக்குள்ள மூஞ்சிய உட்டுத் தின்னா. முன்னங்கால்ல கயிறு ஒரசுன தடம் ரோசாத் தோலுல இன்னும் தெரியுது, அதத் தடவிக் குடுத்தேன், ஒண்ணும் சொல்லல. சரி, அக்கா சொன்ன மாதிரி மணல் கொட்டி மொதல்ல இருந்து ஆரம்பிக்கலாம்னு மனசுக்குள்ள நெனச்சுட்டே, வேர்வையத் தொடைக்கத் தோள்ல கெடந்த துண்ட எடுத்து முறுக்குனேன்.

தின்னுட்டிருந்தவ நிறுத்துனா. துண்டப் பாத்தா. வாயில கொள்ளு அப்படியே இருக்க, மொழங்கால மடக்கிட்டா.

கொறங்காட்டுக்காரி

மணல் எங்க வாய்க்கால்ல இருக்குதுங்ணா. ஞாயித்துக்கெழம வண்டி அனுப்பறேன். துண்ட ஊட்டுலயே வெச்சுட்டு வாங்க.