ரூபி உருண்டையில் அப்பிய அலுமினியம்

கப்பலூர்க்காரன்:
கப்பலூர் சிட்கோவில் சின்ன மெஷின் ஷாப் ஒன்றில் சிஎம்எம் (முனையால் தொட்டு ஜாபின் அளவெடுக்கும் மெஷின்) ஓட்டுகிறேன். சேர்ந்த புதிதில் நடந்தது இது. அலுமினிய ஹவுசிங், அதில் 40 மில்லிமீட்டர் போர், அதாவது வட்டத் துளை. ரவுண்ட்னஸ் (துளை எவ்வளவு சரியான வட்டம் என்பது) கேட்டிருந்ததால், தொட்டுத் தொட்டுப் புள்ளி எடுக்காமல், முனையை உரசியபடியே ஓட்டும் ஸ்கேனிங் போட்டேன். முனையில் வழக்கமான ரூபி பால்தான், சின்னச் சிவப்பு உருண்டை.

மூன்றாம் நாள் போர் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகக் காட்டியது. டூல் தேய்கிறது போல என்று, போரைப் பெரிதாக வெட்ட டூல் ஆஃப்செட்டைக் கூட்டச் சொன்னேன். சாயங்காலம் ஃபோர்மேன் அண்ணன் ப்ளக் கேஜோடு வந்தார். சரியான போருக்குள் போகவே கூடாத நோ-கோ பக்கம் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

"ஏந்தம்பி, உன் மெஷின் சின்னதுங்குது, இது உள்ள போயிருச்சே?"

நான் மெஷினுக்காக வாதாடினேன். அந்த வயசு வீராப்பு.

அப்புறம் ஸ்டைலஸை (பால் பொருத்திய தொடு குச்சியை) கழற்றி லென்ஸில் பார்த்தால், சிவப்பு உருண்டையின் இடுப்பைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம். துணியால் துடைத்தும் போகவில்லை. உரசி உரசி அலுமினியம் அப்பியிருக்கிறது. பால் பெருத்துவிட்டது, சாஃப்ட்வேரோ முதல் நாள் கேலிபரேஷனில் எடுத்த ஆரத்தையே வைத்துக் கணக்குப் போடுகிறது. சுற்றிலும் 5 மைக்ரான் அப்பினால் போர் விட்டம் 10 மைக்ரான் குறைவாகத் தெரியும். நல்ல போரைப் பெரிதாக்கிக் கெடுத்தது நான்தான். 14 ஜாப் போச்சு.

இந்த ரூபியே செயற்கையாக வளர்த்த அலுமினியம் ஆக்சைடு. "சொந்தக்காரனப் பாத்ததும் ஒட்டிக்கிட்டான்" என்று அண்ணன் இன்றும் கேலி செய்வார்.

இப்போது அலுமினியத்தை ஸ்கேன் செய்ய சிலிகான் நைட்ரைடு பால். கறுப்பாக இருக்கும், அலுமினியம் ஒட்டாது. ஆனால் அதையே ஸ்டீலில் ஓட்டிவிடாதீர்கள், தேய்ந்துவிடும்.

புதூர் டர்னர்:
எங்களுக்கு இதற்கு நேர்மாறு. வார்ப்பிரும்பு ஜாப். ஸ்கேன் செய்து செய்து ரூபி ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்தது. போர் பெரிதாகக் காட்டியது. ஜிர்கோனியா என்கிற செராமிக் பாலுக்கு மாற்றினோம், ரூபியைவிடத் தாக்குப்பிடிக்கிறது.

திருமங்கலம் தம்பி:
அண்ணே, நாங்க டச் ட்ரிகர் மட்டும்தான். அதுக்கும் மாத்தணுமா?

கப்பலூர்க்காரன்:
வேண்டாம் தம்பி. ஒரு தொடு தொட்டு விலகுவதில் உரசல் கிடையாது, ரூபியே போதும். பாலை மட்டும் அடிக்கடி துடைத்து, வாரம் ஒருமுறையாவது லென்ஸில் பார். துடைத்தும் சாம்பல் தெரிந்தால் அந்த ஸ்டைலஸைத் தனியாக எடுத்து வை.