செயின்சா ஆக்சிலேட்டர் கொடுத்தால் அணைந்துவிடுகிறது

வணக்கம். தோப்பு வேலைக்குப் பழைய 58 சிசி செயின்சா ஒன்று செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். சோக் போட்டு இழுத்தால் ஸ்டார்ட் ஆகிறது, ஐடிலிலும் நிற்கிறது. ஆக்சிலேட்டரை அழுத்தினால்தான் இருமிவிட்டு அணைகிறது. பாதி சோக்கில் கொஞ்சம் தாங்குவதால் பெட்ரோல் போதவில்லை என்று நினைக்கிறேன்.

பிளக் புதுசு, ஏர் ஃபில்டர் கழுவியாச்சு. லிட்டருக்கு 40 மில்லி 2டி ஆயில் கலக்கிறேன். கார்புரேட்டரைத் திறந்து பார்த்தால் டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு) விறைத்து, பழைய எக்ஸ்ரே ஃபிலிம் மாதிரி சடசடக்கிறது. டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் டியூபிலும் வெடிப்பு.

டியூபும் டயாஃப்ரம் கிட்டும் மாற்றினால் போதுமா? கடையில் முழு கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள் (சொல்லத்தானே செய்வார்கள்!). மாட்டிய பிறகு பெட்ரோல் அளவைச் சரிசெய்யும் எச், எல் ஸ்க்ரூக்களை எத்தனை சுற்று திறந்து வைத்து ஆரம்பிப்பது?

அப்புறம், செயின் பிரேக்கும் பிடிப்பதில்லை. அதைச் சரிசெய்யாமல் மரத்தில் வைக்கப்போவதில்லை. பிரேக்குக்குள் இறுக்கிப் பிடிக்கும் பட்டை (பேண்ட்) தனியாகக் கிடைக்குமா? கழற்றிப் பழகியவர்கள் சொல்லுங்கள்.