எஸ்டிஎல் கோப்பிலிருந்து வெட்டிய பேடில் போர்டு 55 மிமீ குட்டையாக வந்தது: காரணம் என்ன, இந்தக் கோப்பைப் பிறருக்கு எப்படிக் கொடுப்பது?

முட்டுக்காடு துடுப்பு (கேள்வி)

வணக்கம். முட்டுக்காடு உப்பங்கழியில் இரண்டு ஆண்டுகள் வாடகைப் பலகையில் பழகிய பிறகு, எனக்கென்று ஒரு பேடில் போர்டை, அதாவது மேலே நின்று துடுப்புப் போடும் பலகையை, நானே செய்துகொள்ள முடிவு செய்தேன். என் எடை 82 கிலோ. ஆஸ்திரேலியாவில் இருக்கும் நண்பர் ஒருவர் தமக்காக வடிவமைத்த பலகையின் எஸ்டிஎல் கோப்பை (முப்பரிமாண உருவத்தைச் சேமிக்கும் கணினிக் கோப்பு) மின்னஞ்சலில் அனுப்பினார். நீளம் 11 அடி 6 அங்குலம், அகலம் 31 அங்குலம், நடுக்கனம் நாலே முக்கால் அங்குலம், கொள்ளளவு (பலகை அடைக்கும் இடம்) 190 லிட்டர் என்று அவர் எழுதியிருந்தார்.

அம்பத்தூரில் ஒரு பட்டறையில், எட்டுக்கு நான்கு அடி மேசை உள்ள சிஎன்சி ரவுட்டரில், அதாவது கணினி இயக்கும் வெட்டு இயந்திரத்தில், தெர்மாகோல் கட்டியை வெட்டக் கொடுத்தேன். கோப்பைத் திறந்ததும் திரையில் பலகையின் நீளம் 138 மிமீ என்று வந்தது. கைக்குள் அடங்கும் அளவு. அங்குலக் கணக்கு மிமீ ஆகிவிட்டது என்று பட்டறைக்காரர் உடனே கண்டுபிடித்து, உருவத்தைப் பெரிதாக்கி, முன்பாதி பின்பாதி என இரண்டு துண்டுகளாக வெட்டிக் கொடுத்தார். வீட்டு மாடியில் இரண்டையும் சேர்த்து வைத்தேன். நண்பர் தனியாக அனுப்பியிருந்த பக்கவாட்டு வரைபடத்தை முழு அளவில் அச்சிட்டு, அதன்படி ஒட்டுப்பலகையில் ஒரு டெம்ப்ளேட் வெட்டியிருந்தேன். அதைப் பலகையின் மேல் வைத்தபோது 55 மிமீ வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. பலகையின் அடியில் ஃபின் என்னும் செதிலைப் பொருத்த வாங்கி வைத்த ஃபின் பெட்டியும் அதற்கென்று வெட்டிய பள்ளத்தில் இறங்கவில்லை. நீளவாட்டில் ஏறத்தாழ 4 மிமீ இடம் போதவில்லை. பெட்டியை விற்ற கடைக்காரரிடம் தவறான அளவைக் கொடுத்துவிட்டதாக நான் சண்டை வேறு போட்டுவிட்டேன். இப்போது அது வருத்தமாக இருக்கிறது.

இன்னொரு குறையும் உண்டு. பலகையின் விளிம்பில், அதாவது ரெயிலில், கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை ஓட்டினால் பனையோலை விசிறியின் மடிப்புகளைப் போலப் பட்டை பட்டையாகத் தட்டுப்படுகிறது. ஒவ்வொரு பட்டையும் சுமார் 12 மிமீ அகலம் இருக்கிறது.

குறைந்துபோன கொள்ளளவை ஈடுகட்ட, அடுத்த முறை வெட்டும்போது கனத்தை மட்டும் 1.05 ஆல் பெருக்கச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். 95 கிலோ எடையுள்ள என் மைத்துனரும் ஒரு பலகை கேட்கிறார். அவருக்கும் அதே வழியில் செய்துவிடலாமா? வேலை முடிந்ததும் திருத்திய கோப்பைப் பிறரும் பயன்படுத்தும்படி பொதுவில் வைக்க விரும்புகிறேன். எந்த வடிவில் வைப்பது, அதற்கு என்ன அனுமதி தேவை என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோவை ரவுட்டர் (பதில்)

ஒரு கணக்கைச் செய்து பாருங்கள். 138ஐ 25 ஆல் பெருக்கினால் 3450 வரும், 25.4 ஆல் பெருக்கினால் 3505.2 வரும். வித்தியாசம் 55.2 மிமீ. உங்கள் டெம்ப்ளேட் நீட்டிக்கொண்டு நிற்பது அதே அளவுதான். ஓர் அங்குலத்துக்கு 25 மிமீ என்பது பட்டறைகளில் வாய்க்கணக்காகப் புழங்குகிறது. கதவுக்கும் அலமாரிக்கும் அது போதும். மூன்றரை மீட்டர் நீளப் பலகைக்கு ஆகாது. 1959 முதல் ஓர் அங்குலம் என்பது சரியாக 25.4 மிமீ. ஃபின் பெட்டியின் பள்ளமும் அதே விகிதத்தில் சுருங்கியதால்தான் 4 மிமீ குறைகிறது. கடைக்காரர் கொடுத்த பெட்டி சரியானதே.

நீளத்தில் குறைவு ஒன்றரை விழுக்காடுதான். ஆனால் அகலமும் கனமும் அதே அளவு சுருங்கியிருப்பதால், கொள்ளளவு மூன்று மடங்காக அடி வாங்குகிறது. 25ஐ 25.4 ஆல் வகுத்து மும்முறை பெருக்கினால் 0.953 வரும், 190 லிட்டர் 181 லிட்டராகிவிட்டது. அகலத்தில் 12 மிமீ போயிருப்பதைத் தண்ணீரில் நிற்கும்போது உங்கள் கால்களே சொல்லும்.

இதில் பட்டறைக்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது. எஸ்டிஎல் கோப்புக்குள் அலகு என்பதே கிடையாது; வெறும் எண்களும் முக்கோணங்களும்தான் இருக்கும். 138 என்பது அங்குலமா, மிமீயா என்று அந்தக் கோப்பு யாருக்கும் சொல்லாது. ஸ்டெப் என்னும் இன்னொரு வகைக் கோப்பில் அலகு உள்ளேயே எழுதப்பட்டிருக்கும், த்ரீஎம்எஃப் வடிவிலும் அப்படியே. நண்பரிடம் ஸ்டெப் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.

விசிறி மடிப்புக்கும் அதே எஸ்டிஎல்தான் காரணம். வளைவான பரப்பைத் தட்டையான முக்கோணங்களால் மூடிக் காட்டுவது அதன் இயல்பு. முக்கோணங்கள் பெரிதாக இருந்தால் ரவுட்டர் அந்தத் தட்டைகளை உள்ளபடியே வெட்டும். ரெயிலின் வளைவு ஆரம் 30 மிமீ, பட்டை அகலம் 12 மிமீ என்று கொண்டால், பட்டையின் நடுப்பகுதி உண்மையான வளைவிலிருந்து 0.6 மிமீ உள்ளே போயிருக்கும். முக்கோணத்தின் முனைகள் மட்டுமே அசல் பரப்பைத் தொடுகின்றன, மற்றதெல்லாம் அதற்கு உள்ளேதான் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஆகவே உப்புத்தாள் போட்டு மேடுகளை மழித்தால் பலகை இன்னும் சிறுக்கும். எஸ்டிஎல் தவிர வேறு வழி இல்லாதபோது, விலகல் 0.1 மிமீக்கு மேல் போகாதபடி ஏற்றுமதி செய்யச் சொல்லுங்கள். கோப்பு பெருத்துவிடும், அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை.

கனத்தை 1.05 ஆல் பெருக்கும் யோசனையை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். எஸ்டிஎல்லில் கனம் என்று தனியாக ஒன்று இல்லை, உயரம் என்ற ஓர் அச்சுதான் உண்டு. அதைப் பெருக்கினால் பலகையின் கனத்தோடு, மூக்கும் வாலும் மேல்நோக்கி வளைந்திருக்கும் ராக்கரும் சேர்ந்தே பெருகும். மூக்கில் 6 அங்குல ராக்கர் இருந்தால் 152 மிமீ 160 ஆகிவிடும். அடியில் குழிவு இருந்தால் அதுவும் ஆழமாகும், ரெயிலின் வளைவும் நீள்வட்டமாகிவிடும். இரண்டாவது பலகை கனத்த பலகையாக இருக்காது. வேறொரு பலகையாகவே இருக்கும். கனத்தை மட்டும் கூட்ட வேண்டுமானால் நண்பர் வரைந்த மூலக் கோப்பு தேவை. அவர் எந்த மென்பொருளில் வரைந்தார் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

முட்டுக்காடு துடுப்பு

மிக்க நன்றி. பட்டறையில் கேட்டேன், 25 ஆல்தான் பெருக்கினாராம். கடைக்காரரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். நண்பர் போர்டுகேட் என்ற மென்பொருளில் வரைந்தாராம். மூலக் கோப்பு பிஆர்டி வடிவில் இருக்கிறது, வேண்டுமானால் தருகிறேன் என்கிறார். "உனக்குத் திறக்க முடியாதோ என்று நினைத்துத்தான் எஸ்டிஎல் அனுப்பினேன்" என்றார்.

கோவை ரவுட்டர்

போர்டுகேட் இலவசமாகக் கிடைக்கும், மூலநிரலும் திறந்தே இருக்கிறது. அதில் பலகையின் அடிக்கோடும் மேற்கோடும் தனித்தனி வளைவுகளாக இருக்கும். அடிக்கோட்டைத் தொடாமல் மேற்கோட்டை மட்டும் இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், உயர்த்தினால் ராக்கர் அப்படியே நிற்கும். நடுக்கனம் 5 அங்குலமாகி, கொள்ளளவு 200 லிட்டரை ஒட்டி வரும். உங்கள் மைத்துனருக்கு அது பொருந்தும் என்று நினைக்கிறேன். மாற்றிய பிறகு திரையில் காட்டும் கொள்ளளவைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நாகை படகுத் தச்சர் (பதில்)

தம்பி, கணினி விஷயத்தைக் கோவைக்காரர் தெளிவாகச் சொல்லிவிட்டார். கோப்பில் இருப்பதும் தண்ணீரில் இறங்குவதும் ஒன்றல்ல என்பதை மட்டும் நான் சேர்த்துச் சொல்கிறேன். ரவுட்டர் முனை போன தடத்தை நீக்க நீங்கள் எப்படியும் உப்புத்தாள் போடுவீர்கள். இந்த அளவுப் பலகையின் மேலும் கீழும் சேர்ந்து நான்கு சதுர மீட்டருக்குக் குறையாத பரப்பு இருக்கும். சுற்றிலும் ஒரு மிமீ மழித்தால் நான்கு லிட்டர் போய்விடும். கண்ணாடி இழைத் துணியும் பிசினும் அதில் கொஞ்சத்தைத்தான் திருப்பிக் கொடுக்கும். கோப்பைப் பகிரும்போது, அந்த 190 லிட்டர் வெட்டும் அளவா, முடிந்த பலகையின் அளவா என்று எழுதி வையுங்கள். வாங்குகிறவன் அதை ஊகிக்கும்படி விடக் கூடாது.

எங்கள் கரையில் 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகின. அவற்றுக்குப் பெரும்பாலும் பாலியெஸ்டர் பிசின்தான் போடுகிறோம், அதுதான் மலிவு. உங்கள் பலகைக்கு அதைத் தொடவே தொடாதீர்கள். ஒருமுறை பயிற்சிக்கு வந்த பையன் ஒரு தெர்மாகோல் துண்டின் மேல் பாலியெஸ்டரை ஊற்றினான்; வெந்நீரில் போட்ட வெல்லம் மாதிரி அது பள்ளம் விழுந்து கரைந்து போனதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்தப் பிசினில் உள்ள ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துவிடும். எபாக்சி என்னும் பிசின்தான் போட வேண்டும். கோப்போடு வைக்கும் குறிப்பில் இதைக் கட்டாயம் எழுதுங்கள், ஏனென்றால் கோப்பை எடுப்பவர்களில் முதன்முறை செய்பவர்களே அதிகம் இருப்பார்கள். தெர்மாகோல் பலகைக்கு, உள்காற்றை வெளியே விடும் காற்றுத் திருகு வைப்பதையும் எழுதுங்கள். வெயிலில் உள்காற்று விரிந்தால் மேல்தோல் உப்பிப் பிரிந்துவிடும்.

இரண்டு பாதிகளை ஒட்டும் முன்பு, மூக்கிலிருந்து வால் வரை நடுக்கோட்டில் தூண்டில் நரம்பை இழுத்துக் கட்டி நூல் பிடித்துப் பாருங்கள். திரையில் நேராகத் தெரிவது மேசையில் ஒரு நூல் கோணியிருந்தாலும் தண்ணீரில் பலகை ஒரு பக்கமாகவே இழுக்கும். நீங்கள் வெட்டிய ஒட்டுப்பலகை டெம்ப்ளேட்டைத் தூக்கி எறியாதீர்கள். தவறைக் காட்டிக் கொடுத்தது அதுதான். அந்தப் பக்கவாட்டு வரைபடத்தையும் கோப்போடு சேர்த்துக் கொடுங்கள்; அச்சிட்டபின் அளந்து சரிபார்க்க, அதன் ஓரத்தில் 100 மிமீ நீளக் கோடு ஒன்றும் வரைந்து வையுங்கள்.

வெட்டிய கட்டியை வீணாக்க வேண்டாம். 181 லிட்டர் 82 கிலோவைத் தாங்கத்தான் செய்யும். ஃபின் பள்ளத்தை மட்டும் கையால் அகட்டிக்கொண்டு, வீட்டில் எடை குறைந்தவர் யாருக்காவது முடித்துக் கொடுங்கள்.

உரிமம் குறித்து ஒரு வாசகி (பதில்)

அனுமதி பற்றிக் கேட்டிருந்தீர்கள். மின்னஞ்சலில் ஒருவர் கோப்பை அனுப்புவது, நீங்கள் ஒரு பலகை செய்துகொள்ளத் தரும் சம்மதம். ஊருக்கே கொடுப்பதற்கான சம்மதம் அதில் அடங்காது. நண்பரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒற்றை வரி மின்னஞ்சல் போதும், ஆனால் மூன்று விஷயங்கள் அதில் தெளிவாக இருக்க வேண்டும்: திருத்தியதைப் பகிரலாமா, அதிலிருந்து பலகை செய்து விற்கலாமா, தம் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்று விரும்புகிறாரா.

படைப்பைப் பிறர் பயன்படுத்த அனுமதிக்கும் ஆயத்த உரிமங்களான கிரியேட்டிவ் காமன்ஸில் ஒன்றை அவர் தேர்ந்தெடுத்தால் உங்களுக்கும் எளிது. ஆனால் அதில் 'மாற்றம் கூடாது' என்ற பிரிவு இருந்தால், மைத்துனருக்காக நீங்கள் கனம் கூட்டிய கோப்பைப் பொதுவில் வைக்க முடியாது. 'வணிகம் கூடாது' என்று இருந்தால், அதை எடுத்து விற்பனைக்குப் பலகை வெட்டும் பட்டறைகளுக்கு அது தடை செய்யப்பட்டது என்பதைக் குறிப்பிலேயே எழுதிவிடுங்கள். இந்தியாவில் பொருளின் தோற்றத்துக்கான பாதுகாப்பு 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின்கீழ் பதிவு செய்தால்தான் கிடைக்கும். முதலில் 10 ஆண்டுகள், பிறகு 5 ஆண்டுகள் நீட்டிக்கலாம். நண்பர் வேறு நாட்டில் இருப்பதால், அவர் வாயால் சொன்னதை விட எழுதிக் கொடுத்ததே இருவருக்கும் நல்லது.

முட்டுக்காடு துடுப்பு

தச்சர் ஐயா, நீங்கள் சொன்னபடியே முதல் கட்டியை என் தங்கைக்காக முடிக்கிறேன்; எபாக்சி வாங்கியாயிற்று. நண்பர் எழுதிக் கொடுத்துவிட்டார்: தம் பெயர் இருக்க வேண்டும், திருத்தலாம், விற்பனைக்குக் கூடாது.

ஸ்டெப் கோப்பிலிருந்து நேற்று என் பலகையை மறுபடி வெட்டினோம். வெட்டும் முன்பே பட்டறைத் திரையில் நீளம் 3505.2 என்று வந்ததைப் பார்த்துப் பட்டறைக்காரரே மகிழ்ந்து போனார். வெட்டிய இரண்டு பாதிகளையும் சேர்த்து ஸ்டீல் டேப்பால் அளந்தேன், 3505 மிமீ. டெம்ப்ளேட் முனையோடு முனை பொருந்தி உட்கார்ந்தது. ரெயிலில் கை தடையில்லாமல் ஓடுகிறது. ஃபின் பெட்டியைக் கட்டைவிரலால் அழுத்தினேன், இறங்கிவிட்டது.

பகிரப்போகும் தொகுப்பில் பிஆர்டி மூலக் கோப்பு, ஸ்டெப் கோப்பு, 100 மிமீ கோடு போட்ட பக்கவாட்டு வரைபடம், குறிப்புத் தாள் ஆகிய நான்கையும் வைக்கிறேன். ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் நீளத்தையும் அலகையும் சேர்த்துவிட்டேன். எஸ்டிஎல்லை வைக்கவில்லை. மைத்துனருக்கான 5 அங்குலக் கனக் கோப்பில் போர்டுகேட் 199 லிட்டர் காட்டுகிறது. அதை அடுத்த வாரம் வெட்டியபின், மழிக்கும் முன்னும் பின்னும் அளந்து, இரண்டு அளவுகளையும் இங்கேயே எழுதுகிறேன்.