யுஎஸ் டைட்டில் ஆரம்பிச்சது 1975லயா, 2003லயா? பிரியாணி பெட்டு ஓடுது

ராயபுரம்_ரவுடிபேபி:
கல்மண்டபம் டீக்கடைல நேத்து ஆரம்பிச்ச சண்டை இன்னும் முடியல. ரெஸ்லிங்ல ஜான் சீனா, ரெஸில்மேனியா 20ல பிக் ஷோங்கற ஆளத் தூக்கிப் போட்டு ஜெயிச்சாரே, அந்த யுஎஸ் பெல்ட். அது 2003ல ஸ்மாக்டவுன் ஷோவுக்காக டபிள்யூடபிள்யூஇ கம்பெனி செஞ்ச புது பெல்ட்டுன்னு ஃப்ரெண்டு சொல்றான். எங்க மாமா, "போடா, அது 1975லேந்து கீது, அப்போ வெறும் ஏரியா பெல்ட்டு"ங்கறாரு. "யுனைடெட் ஸ்டேட்ஸ்"னு பேர வச்சிக்கினு ஏரியா பெல்ட்டு எப்டி ஆவும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க. தோத்தவன் நாலு பேருக்கு பிரியாணி வாங்கணும்.

பஜார்_பாய்:
மாமா கரெக்ட். 2003 ஜூலைல வெஞ்சன்ஸ் ஷோல எட்டி கரேரோ ஜெயிச்சது திரும்பக் கொண்டாந்த பெல்ட்டு. ட்ரம்ப் கார்டு ஆடுன காலத்துல கோல்ட்பர்க் வச்சிருந்ததும் இதே டைட்டில் தான், 1998ல, டபிள்யூசிடபிள்யூங்கற வேற கம்பெனில.

கொருக்குப்பேட்டை_கேபிள்காரன்:
தம்பி, மாமாவுக்கு மட்டன் பிரியாணியாவே வாங்கிக் குடு. விஷயத்தப் புட்டு வச்சிட்டாரு மனுசன்.

அப்போல்லாம் அமெரிக்கா முழுக்க ஒரே கம்பெனி கெடையாது. 1948ல என்டபிள்யூஏன்னு புரமோட்டருங்க ஒரு சங்கம் வச்சி ஏரியா பிரிச்சிக்கினாங்க. இந்த மாநிலம் ஒனக்கு, அது எனக்கு, என் எல்லைல நீ ஷோ போடக் கூடாது. கேபிள் வந்த புதுசுல ரயில்வே கேட்டத் தாண்டி நான் ஒயரு இழுத்தா அந்தப் பக்கத்து ஆளு ராவோட ராவா வெட்டிட்டுப் போவான், அந்தக் கணக்கு தான். வேர்ல்டு சாம்பியன் ஒருத்தர் மட்டும் பொது. அவரு ஊர் ஊராப் போயி அங்கங்க இருக்கற ஹீரோவோட மோதுவாரு. எப்பவாச்சும் தான் வருவாரு. மத்த வாரம் டிக்கெட்டு எப்டி விக்கறது? அதுக்குத் தான் ஏரியாவுக்கு ஏரியா ஒரு டைட்டில்.

இந்த யுஎஸ் டைட்டில், வடக்கு கரோலினா, தெற்கு கரோலினா, வர்ஜீனியா பக்கம் ஷோ நடத்துன ஜிம் கிராக்கெட் கம்பெனியோட சரக்கு. ஆபீஸ் சார்லட்ல. பெரிய கிராக்கெட் 1973ல போய்ச் சேந்துட்டாரு, தொழில் மவன் கைக்கு வந்துச்சு. அதுவரைக்கும் அங்க டேக் டீம், அதாவது ஜோடி சண்டை தான் ஓடும். ஜார்ஜ் ஸ்காட்னு ஒரு புக்கர் வந்தாரு. புக்கர்னா யாரு ஜெயிக்கணும், யாரு தோக்கணும்னு முடிவு பண்றவரு. தனி ஆளு சண்டைக்குத் தான் இனிமே கூட்டம் வரும்னு அவரு கணக்குப் போட்டாரு. 1975 ஜனவரி 1, ஹார்லி ரேஸ் முதல் சாம்பியன். ஜூலைல அவர அடிச்சி ஜானி வாலன்டைன் எடுத்தாரு. பறக்கறது, குதிக்கறது ஒண்ணும் தெரியாது அந்தாளுக்கு. நெஞ்சுல அறைஞ்சா கடைசி வரிசை வரைக்கும் கேக்கும்.

அந்த அக்டோபர் 4ந் தேதி, சார்லட்லேந்து வில்மிங்டன் ஷோவுக்கு ஒரு குட்டி செஸ்னா பிளேன்ல கெளம்புறாங்க. வாலன்டைன், ரிக் ஃபிளேர், டிம் வுட்ஸ், பாப் ப்ரக்கர்ஸ், மொதலாளி தம்பி டேவிட் கிராக்கெட், கூட பைலட். எறங்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி பெட்ரோல் காலி. ரன்வே வரைக்கும் கூட வரல, விழுந்துடுச்சு. பைலட்டு கோமாவுக்குப் போயி திரும்பவே இல்ல. சாம்பியன் வாலன்டைனுக்கு முதுகெலும்பு போச்சு, அதோட ரிங்கு ஏறல. 26 வயசு ஃபிளேருக்கு முதுகுல மூணு எடத்துல முறிவு, இனிமே ரெஸ்லிங்கே கெடையாதுன்னு டாக்டருங்க கைய விரிச்சிட்டாங்க. சில மாசத்துல திரும்பி வந்தாரு, 1977ல இதே பெல்ட்ட பாபோ ப்ரேசில் கிட்டேந்து புடிச்சாரு.

ஆளில்லாத பெல்ட்டுக்கு நவம்பர்ல கிரீன்ஸ்பரோல டோர்னமென்ட் வச்சாங்க. டெர்ரி ஃபங்க் ஜெயிச்சாரு. அதே மாசம் பால் ஜோன்ஸ் கிட்ட தோத்தாரு. டிசம்பர்ல பாத்தா ஃபங்க் வேர்ல்டு சாம்பியன்! ஏரியா பெல்ட்டோட மவுசு அப்டி.

புளியந்தோப்பு_பெரிசு:
எல்லாம் கூத்து. முன்னாடியே பேசி வச்சிக்கினு விழறவனுக்கு எதுக்குப்பா பெல்ட்டு? எங்க பக்கம் பாக்ஸிங்ல பெல்ட்டா குடுத்தாங்க? பரம்பரை மானம், அவ்ளோ தான். சார்பட்டாக்காரன் தோத்துட்டா நாலு நாளைக்குத் தெருவுல தல காட்ட மாட்டான். குஸ்தின்னா எங்க அப்பா தாராசிங், கிங்காங் பத்திச் சொல்லிக்கினே இருப்பாரு. தாராசிங் 1968ல பம்பாய்ல லூ தெஸ்ஸயே சாய்ச்சவரு.

கொருக்குப்பேட்டை_கேபிள்காரன்:
பெரியவரே, தாராசிங் மேல எனக்கும் பக்தி தான். ஆனா பேசி வச்ச ஆட்டம்னு நீங்க சொல்றது அவருக்கும் சேத்து தான், அத உட்ருவோம்.

கூத்துன்னே வச்சிக்கங்க, அதக் காப்பாத்த இன்னா பாடு பட்டானுங்க தெரியுமா? மேல டிம் வுட்ஸ்னு ஒரு பேரு வந்துச்சுல்ல, அவரு நல்லவரு பார்ட்டி. வாலன்டைனும் ஃபிளேரும் வில்லனுங்க. ரிங்குல ரத்தம் வர அடிச்சிக்கறவனுங்க ஒரே பிளேன்ல பக்கத்துல பக்கத்துல ஒக்காந்து வந்தானுங்கன்னு பேப்பர்ல வந்தா அந்த ஏரியால அப்பறம் எவன் டிக்கெட்டு வாங்குவான்? அதனால ஆஸ்பத்திரில அடிபட்டுக் கெடக்கும்போதும் வுட்ஸ் ரிங்கு பேரச் சொல்லல. ஜார்ஜ் வுடின்னு நெஜப் பேரக் குடுத்து, நான் புரமோட்டர்னு சொல்லிட்டாரு. அப்பவும் ஊர்ல பேச்சு கெளம்புச்சு. ரெண்டு வாரம் போல தான் ஆச்சு, வலியோட ரிங்குல எறங்கி நின்னாரு. பிளேன்ல இருந்தவன் இப்டி வந்து சண்டை போடுவானான்னு ஜனம் அடங்கிடுச்சு. பெல்ட்டு யாரு யாரு இடுப்புல இருந்துச்சுன்னு லிஸ்ட் எங்க வேணா கெடைக்கும். அந்த லிஸ்ட்ல வுட்ஸ் செஞ்ச வேல தெரியாது.

இன்னொண்ணு. வாலன்டைன் மவன் கிரெக், ரிங்குக்கு வந்தப்போ "ஜானியோட தம்பி"ன்னு தான் வெளில சொன்னாங்க. இவ்ளோ பெரிய புள்ளன்னா அப்பனுக்கு வயசாயிடுச்சுன்னு ஆயிடும்ல! அந்த கிரெக் 1980ல ஃபிளேர அடிச்சி அப்பன் வச்சிருந்த அதே டைட்டில எடுத்தாரு.

ராயபுரம்_ரவுடிபேபி:
அண்ணே செம. ஆனா மெயின் கேள்வி நிக்குது. ஏரியா பெல்ட்டுக்கு ஏன் நாட்டுப் பேரு?

கொருக்குப்பேட்டை_கேபிள்காரன்:
பேரு வைக்கக் காசா பணமா? கிராக்கெட் ஒருத்தர் மட்டும் இல்ல. டெட்ராய்ட்ல ஒரு யுஎஸ் டைட்டில், சான்ஃபிரான்சிஸ்கோல ராய் ஷைர் கிட்ட இன்னொண்ணு. ஒரே நாட்ல ஒரே நேரத்துல ரெண்டு மூணு பேரு "நான் தான் யுஎஸ் சாம்பியன்"னு சுத்திக்கினு இருந்தானுங்க. டெட்ராய்ட் தான் செம காமெடி. அங்க கம்பெனி ஓனரே "தி ஷேக்"குன்னு வில்லனா ஆடுவாரு. சிரியாலேந்து வந்த ஷேக்குன்னு அறிவிப்பாங்க, ஆளு மிச்சிகன்ல பொறந்தவரு. ஓனரும் அவரே, சாம்பியனும் அவரே, கேக்கறதுக்கு யாரு?

டெட்ராய்ட் 1980ல படுத்துடுச்சு, சான்ஃபிரான்சிஸ்கோ 1981ல மூடிட்டாங்க. கிராக்கெட் மிஞ்சினாரு. மத்த கடை ஷட்டர எறக்குனதால தான் இவரு பெல்ட்டு நெஜமாவே யுஎஸ் பெல்ட்டு ஆச்சு. எவனையும் ஜெயிச்சு வாங்குன பேரு இல்ல அது.

அப்பறம் 1985 ஸ்டார்கேட், கிராக்கெட்டோட பெரிய ஷோ. பர்மா பஜார்ல வாங்குன கேசட்டு, தேஞ்சி கோடு ஓடும், இருந்தாலும் அந்த மேட்ச்சு மனசுல நிக்குது. இரும்புக் கூண்டு. டல்லி ப்ளான்சர்ட் சாம்பியன், எதிர்ல மேக்னம் டிஏ. "விட்டுட்றேன்"னு மைக்குல சொன்னாத் தான் தோல்வி. அதனால அடிக்கு நடுவுல மைக்க வாய்க்கு நேரா நீட்றானுங்க, மூச்சு வாங்கறது, கத்தறது எல்லாம் ஹாலு முழுக்க கேக்குது. கடைசில ஒரு மர நாற்காலி ஒடையுது. கூரா நீட்டிக்கினு இருந்த சிலும்ப எடுத்து டல்லி நெத்தில வச்சி அழுத்தறாரு மேக்னம். அவன் கத்தற கத்துல எங்க வீட்டம்மா அடுப்படிலேந்து ஓடி வந்து டிவிய ஆஃப் பண்ணிடுச்சு. அடுத்த வருசம் அக்டோபர்ல மேக்னம் கார் ஆக்சிடென்ட்ல அடிபட்டு 27 வயசுல ஆட்டம் முடிஞ்சிது. என்னமோ இந்த பெல்ட்டுக்கு ஒரு ராசி.

மிச்சக் கதை எல்லாம் ஆபீஸ் பேப்பர் தான். 1988ல கிராக்கெட் கம்பெனிய டிவி மொதலாளி டெட் டர்னர் வாங்குனாரு, அது டபிள்யூசிடபிள்யூ ஆச்சு. லெக்ஸ் லூகர் 523 நாள் வச்சிருந்தாரு, இன்னி வரைக்கும் அத யாரும் தாண்டல. 2001 மார்ச்சுல டபிள்யூடபிள்யூஎஃப், அதான் இப்போ டபிள்யூடபிள்யூஇ, அத வாங்கிடுச்சு, பெல்ட்டும் சரக்கோட சரக்கா வந்துச்சு. நவம்பர் சர்வைவர் சீரிஸ்ல எட்ஜ், டெஸ்ட்ங்கற ஆள அடிச்சி, அவன் வச்சிருந்த இன்டர்காண்டினென்டல் பெல்ட்டோட இத சேத்துட்டாரு. 2003ல திரும்ப எடுத்தாங்க. வாங்குன கடையோட கணக்கு நோட்டும் அவங்களுது தானே, அதான் ஹார்லி ரேஸ்லேந்து எண்றாங்க.

பஜார்_பாய்:
எட்ஜ் மேட்ச்ச டென் ஸ்போர்ட்ஸ்ல போட்டாங்களா பாய்?

கொருக்குப்பேட்டை_கேபிள்காரன்:
டென் ஸ்போர்ட்ஸ் வந்ததே 2002ல தான். கேபிள்காரன் கிட்டயா கேக்கற?

ராயபுரம்_ரவுடிபேபி:
ஃப்ரெண்டுக்கு ஃபுல்லா படிச்சிக் காட்டிட்டேன். "நடுவுல 2001லேந்து 2003 வரைக்கும் பெல்ட்டே இல்லல்ல, அப்போ இது புதுசு தான், பாதி பிரியாணி தான் தருவேன்"ங்கறான். மாமா ஒத்துக்க மாட்டேங்கறாரு. ஞாயித்துக்கெழம மறுபடியும் பஞ்சாயத்து.

புளியந்தோப்பு_பெரிசு:
எங்கன்னு சொல்லு, நானும் வரேன். பீஃப்பா, மட்டனா?