கருடமங்கலம் அருகே கிடைத்த கடல் நத்தைப் புதைபடிவம்: டரிடெல்லாவா, நெரினியாவா?

கேள்வி (பெரம்பலூர் ஆசிரியர்)

அனைவருக்கும் வணக்கம். கருடமங்கலத்துக்கு அருகில் தமது குடும்பத்தாரின் வயலில் உழவின்போது வெளிப்பட்ட சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல் ஒன்றை எங்கள் பள்ளி மாணவர் கொண்டுவந்திருக்கிறார். அதில் சிறு சிப்பிகளுக்கு நடுவே ஏறத்தாழ 7 செ.மீ. நீளமுள்ள, ஒடுங்கி உயர்ந்த நத்தை ஓடு ஒன்று பதிந்துள்ளது. நுனி முறிந்துவிட்டது. எஞ்சிய சுருள்களின் பக்கங்கள் ஏறக்குறையத் தட்டையாக உள்ளன; அவற்றைச் சுற்றி மெல்லிய வரிமேடுகள் ஓடுகின்றன. வாய்ப்பகுதி கல்லுக்குள் மறைந்திருந்தாலும், கல்லின் ஒரு பக்கம் நெடுக்காகப் பிளந்திருப்பதால் கீழ்ச்சுருள்கள் சிலவற்றின் உட்புறத்தைக் காண முடிகிறது. படங்களோடு ஒப்பிட்டால் டரிடெல்லா, நெரினியா என்னும் கடல் நத்தை வகைகள் இரண்டுமே பொருந்துவதுபோல் தோன்றுகின்றன. எந்தக் கூறுகளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்? சிற்றினப் பெயர் வரை செல்ல இயலுமா?

முதல் மறுமொழி (நிலவியல் துறையில் பணியாற்றியவர்)

ஐயா, கிடைத்த இடத்தை நீங்கள் குறிப்பிட்டிருப்பதே பாதி வேலையை முடித்துவிடுகிறது. கருடமங்கலப் பகுதியின் சிப்பிச் சுண்ணாம்புக்கல், கிரீட்டேசியக் காலத்தைச் (ஏறத்தாழ 14.5 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்) சேர்ந்த திருச்சிராப்பள்ளித் தொகுதி என்னும் பாறை அடுக்குகளுக்கு உரியது. ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கிருந்த ஆழமற்ற கடலில் படிந்தது. மெருகேற்றினால் ஓடுகள் வெண்மையாகப் பளிச்சிடுவதால் 'திருச்சிராப்பள்ளிச் சலவைக்கல்' என்னும் பெயரில் அலங்காரப் பொருள்கள் செய்யவும் இது பயன்பட்டது.

ஒரு வேண்டுகோள். கல்லைத் தூய்மை செய்ய எலுமிச்சைச் சாறு, வினிகர் உள்ளிட்ட எந்த அமிலத்தையும் பயன்படுத்தாதீர்கள். ஓடும் கல்லும் சுண்ணாம்பே என்பதால், அடையாளம் காண உதவும் நுண்ணிய கோடுகள்தாம் முதலில் கரைந்துபோகும். மென்மையான தூரிகையும் தண்ணீரும் போதும்.

இரண்டாம் மறுமொழி (தொல்லுயிரியல் ஆய்வு மாணவி)

ஐயா, ஓட்டின் ஒட்டுமொத்த வடிவத்தை இங்கே சான்றாகக் கொள்ள வேண்டாம் என்பதே என் முதல் கருத்து. ஒடுங்கி உயர்ந்த ஓடு, ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவில்லாத பல நத்தைக் குடும்பங்களில் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. டரிடெல்லா, செரித்தியம் போன்றவற்றை உள்ளடக்கிய பெரும்பிரிவு ஒன்று. கிரீட்டேசிய முடிவோடு அற்றுப்போன நெரினியா வகைகளோ முற்றிலும் வேறொரு கிளையில் வைக்கப்படுகின்றன. வெளித்தோற்றம் ஒத்திருப்பது உறவைக் காட்டாது.

ஓட்டின் உட்புறத்தை முதலில் பாருங்கள். நெரினியா வகைகளில், சுருள்கள் சுற்றிச்செல்லும் அச்சான நடுத்தண்டிலிருந்தும் வெளிச்சுவரிலிருந்தும் மடிப்புகள் உள்நோக்கி நீண்டு, உயிரி வாழ்ந்த அறையையே குறுக்கிவிடும். பிளந்த முகத்தில் அந்த அறை சிக்கலான வளைவுகளோடு, ஏதோ ஒரு எழுத்தைப் பொறித்ததுபோலத் தெரியும். டரிடெல்லாவின் நடுத்தண்டு வழவழப்பானது. அறையும் எளிய, ஓரளவு உருண்டையான வடிவம் கொண்டது.

அடுத்தது வளர்ச்சிக் கோடுகள். விளக்கொளியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸால் சுருளின் மேற்பரப்பைப் பாருங்கள். வரிமேடுகளைக் குறுக்கே வெட்டிச் செல்லும் மெல்லிய கோடுகள், அந்தந்தக் காலத்தில் வாயின் விளிம்பு எந்த வடிவில் இருந்தது என்பதன் பதிவுகளே. டரிடெல்லாவில் அவை சுருளின் நடுப்பகுதியில் வாய்க்கு எதிர்ப்புறமாக வளைந்து திரும்பும். நெரினியாவில் அந்த வளைவு, சுருள்கள் சந்திக்கும் கோட்டை ஒட்டிக் குறுகலாக அமைந்து, சுருள் நெடுகிலும் ஒரு மெல்லிய பட்டையாகத் தொடரும். வாய் மறைந்திருந்தாலும் இதனால் அதன் விளிம்பை நாம் மீட்டெடுக்க முடிகிறது. புதைபடிவ நத்தைகளில் எனக்கு மிகவும் பிடித்த கூறு இதுதான்.

செரித்தியம் வகைகளையும் மறந்துவிடக் கூடாது. அவற்றின் வாயின் அடியில் சிறு கால்வாய் போன்ற நீட்சி இருக்கும். மேற்பரப்பில் பெரும்பாலும் மணிமணியான புடைப்புகள் காணப்படும். டரிடெல்லாவுக்கு அந்தக் கால்வாய் கிடையாது.

கேட்டவர்

மிக்க நன்றி அம்மா. பிளந்த பகுதியில் மடிப்புகள் எவையும் இல்லை. நடுத்தண்டு வழவழப்பாகவே இருக்கிறது. வரிமேடுகளில் மணிப்புடைப்புகள் இல்லை. சாய்ந்த ஒளியில் வளர்ச்சிக் கோடுகள் இரண்டு சுருள்களில் மட்டுமே தெளிவாகத் தெரிகின்றன. அவை நடுவில்தான் பின்னோக்கி வளைகின்றன. ஒரு சுருளில் ஊசித்தலை அளவுள்ள வட்டத் துளை ஒன்றும் இருக்கிறது.

மூன்றாம் மறுமொழி (தொல்லுயிரியல் ஆய்வு மாணவி)

அப்படியானால் டரிடெல்லா குடும்பம் என்று உறுதியாக எழுதலாம். துளையின் விளிம்பு வெளியே அகன்று உள்ளே குறுகியிருந்தால், அது நாட்டிசிட் என்னும் வேட்டை நத்தை துளைத்ததாக இருக்க வாய்ப்புண்டு. பெயர்ச்சீட்டில் தவறாமல் குறிப்பிடுங்கள்.

சிற்றினத்தைப் பொறுத்தவரை நான் தயங்குகிறேன். இந்தக் குடும்பத்தின் வகைப்பாட்டில், இளஞ்சுருள்களில் எந்த வரிமேடு முதலில் தோன்றுகிறது, எது பின்னர் சேர்கிறது என்னும் வரிசைக்குப் பெரும் மதிப்பு உண்டு. உங்கள் மாதிரியில் நுனி முறிந்திருப்பதால் அந்தச் சான்று கிடைக்காது. தென்னிந்தியக் கிரீட்டேசிய நத்தைகளை இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்காக ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா 1860களின் இறுதியில் விரிவாக விவரித்தார்; அதற்கு முன்பே 1846இல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளின் புதைபடிவங்களைப் பற்றி எழுதியிருந்தார். அவர்கள் காலத்தில் டரிடெல்லா என்னும் பேரினம் இன்று நாம் கொள்வதைவிட மிகவும் அகன்றதாக இருந்தது. ஆகவே பழைய படத்தோடு ஒத்துப்போகிறது என்பதற்காக அந்தப் பெயரை அப்படியே எடுத்துக்கொள்வது சரியன்று. அந்தப் பெயர் முதலில் சூட்டப்பட்ட மூல மாதிரியோடு ஒப்பிட்ட பிறகே அதைச் சூட்ட வேண்டும்.

பெயர்ச்சீட்டில் 'டரிடெல்லா எஸ்பி.' என்று எழுதுங்கள். பேரினம் தெரிகிறது, சிற்றினம் தீர்மானிக்கப்படவில்லை என்பதை அந்தச் சுருக்கம் உணர்த்தும். வயல் இருக்கும் இடம், கல்லின் வகை, கிடைத்த நாள், கண்டெடுத்த மாணவரின் பெயர் ஆகியவற்றையும் சேருங்கள். அதே வயலில் நுனி முறியாத ஓடு கிடைத்தால், ஓட்டின் இரு பக்கங்களும் நுனியில் சேரும் கோணத்தை அளந்து, முதல் சில சுருள்களின் படத்தை அளவுகோலுடன் இங்கே பதியுங்கள். வரிமேடுகளின் வரிசையைச் சேர்ந்து பார்ப்போம்.