பெர்த் மணலில் காகிதப் பூ: ஆறு செடியும் போய்விட்டன, விதைக்கும் முன் கேட்கிறேன்

மணல்தோட்டக்காரி, பெர்த்:

வணக்கம். போன செப்டம்பரில், இங்கே ஆஸ்திரேலியாவில் வசந்தம் தொடங்கும்போது, கிங்ஸ் பார்க் போயிருந்தோம். ஒரு பாத்தி முழுக்க இளஞ்சிவப்புக் காகிதப் பூ (நம் ஊர் போகன்வில்லா அல்ல, இங்கே எவர்லாஸ்டிங் என்று சொல்லும் சிறு செடி). அன்றைக்குப் பிடித்த ஆசைதான். திரும்பும் வழியிலேயே ஒரு நர்சரியில் காரை நிறுத்தி, மொட்டும் பூவுமாக இருந்த ஆறு செடிகள் வாங்கினேன். கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் ஒரு மூட்டை மாட்டெருவும் அரை மூட்டை கம்போஸ்ட்டும் கலந்து நட்டேன். தினமும் காலையில் கறிவேப்பிலைக்கு ஒரு வாளி, இதற்கு ஒரு வாளி. என் அம்மா தன் மல்லிகைக் கொடியைக்கூட இப்படிக் கவனித்ததில்லை.

முதல் மாதம் இலையாக விட்டுத் தள்ளியது. பிறகு தண்டு படுத்துக்கொண்டது, அடித்தண்டு கறுத்தது. டிசம்பர் முதல் வாரத்தில் ஆறும் வைக்கோல்.

இன்னொரு குழப்பம். தண்ணீர் ஊற்றிய சற்று நேரத்தில் பூக்கள் எல்லாம் மூடிக்கொள்ளும். வெயில் ஏறினால் மறுபடி விரியும். இது நோயா? வாடாத பூ என்று சொல்லித்தான் விற்றார்கள். மாமியார் இதை வாடாமல்லி என்கிறார். இல்லை என்று வாதாட எனக்கு விவரம் போதாது.

இப்போது ஏப்ரல். ரோடாந்தே (இதே இளஞ்சிவப்புக் காகிதப் பூவின் தாவரப் பெயர்) என்று போட்ட விதைப் பாக்கெட் ஒன்று கையில் இருக்கிறது. வீட்டு முன்புறம் மேற்குப் பார்த்த சாம்பல் நிற மணல். நிழலே கிடையாது, புல்கூட நிற்காத இடம். அங்கே தூவலாமா, எருப் போட்ட பாத்தியிலேயே போடலாமா? வறட்சியைத் தாங்கும் செடி என்கிறார்கள். என்னிடம் வந்து இவ்வளவு தண்ணீர் குடித்தும் ஏன் செத்தது?

பழைய கணக்கர், பெர்த்:

தங்கச்சி, பாதிக் குற்றத்திலிருந்து உங்களை விடுவித்துவிடுகிறேன். அந்த ஆறு செடிகளும் டிசம்பரில் எப்படியும் போயிருக்கும். ரோடாந்தே ஒருபருவச் செடி. குளிர்கால மழைக்கு முளைக்கும், வசந்தத்தில் பூக்கும், கோடை வருமுன் விதையை உதிர்த்துவிட்டுக் காய்ந்துவிடும். வறட்சியைத் தாங்குவது என்றால் ஒட்டகம் தாங்குவது போல என்று நினைத்துவிட வேண்டாம். நம் ஊர்க் கோடையை அது செடியாக நின்று பார்ப்பதே இல்லை. விதையாக மண்ணில் படுத்துக் கழித்துவிடுகிறது. பூத்த செடியைச் செப்டம்பரில் வாங்கினால் நீங்கள் வாங்கியது கடைசி இரண்டு மாதங்களை மட்டும்தான்.

மிச்சப் பாதி உங்கள் கணக்கில். அடித்தண்டு கறுத்தது அழுகல். எருவும் தினம் ஒரு வாளியும் சேர்ந்து செய்த வேலை. எரு மிஞ்சினால் இது இலையை வளர்க்கும், தண்டு நீண்டு இளைத்துச் சாயும். இங்கே வந்த முதல் வருடம் நானும் கோழியெரு போட்டு, இடுப்பளவு வளரட்டும் என்று காத்திருந்தவன்தான்.

நீங்கள் கழித்துக்கட்டிய அந்தச் சாம்பல் மணல்தான் இடம். ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. கோடை முழுக்கக் காய்ந்த பெர்த் மணல் தண்ணீரை ஏற்காது. இன்றைக்கே ஒரு குவளை ஊற்றிப் பாருங்கள்: சேப்பங்கிழங்கு இலைமேல் விழுந்தது போல முத்து முத்தாக உருண்டு ஓடும், விரலை விட்டுக் கிண்டினால் அடியில் தூள் பறக்கும். மக்கிய இலைதழையின் மெழுகு மணல் துகள்மேல் படிந்திருப்பதுதான் காரணம். மணலை நனைய வைக்கும் கரைசல் ஒன்று இருக்கிறது; வெட்டிங் ஏஜென்ட் என்று கேட்டால் எந்தத் தோட்டக் கடையிலும் கொடுப்பார்கள். மேல்மண்ணை ஓர் அங்குலம் கிளறிவிட்டு, அதைக் கலந்து ஊற்றி, மண் உள்ளே வரை நனைகிறதா என்று தோண்டிப் பார்த்த பிறகு விதையுங்கள். ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ முதல் மழை விழட்டும். அதற்கு முன் அவசரம் வேண்டாம்.

விதை பஞ்சு போர்த்தியது போல இருக்கும். அப்படியே வீசினால் பக்கத்து வீட்டில்தான் முளைக்கும். ஒரு பிடி விதைக்கு ஐந்து பிடி காய்ந்த மணல் கலந்து, காற்றில்லாத மாலை நேரத்தில் தூவுங்கள். மேலே மெல்லிய மணல், விதை மறைந்தும் மறையாமலும். பிறகு ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் நடந்துவிடுங்கள். அவ்வளவுதான் பாத்தி வேலை. ஒன்றிரண்டு வாரத்தில் முளைவிடும். அதுவரை மேல்மண் காயாமல் பூவாளியால் தெளித்தால் போதும். நாற்று சாம்பல் பூத்த பச்சையாக, ஒல்லியாக இருக்கும். களை என்று பிடுங்கிவிட வேண்டாம். நான் பிடுங்கினேன்.

அப்புறம் நத்தை. மழைக்கால இரவில் டார்ச்சோடு போய்ப் பொறுக்குங்கள். ஒரே இரவில் ஒரு முழப் பாத்தியை மொட்டையடித்துவிடும்.

ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை இங்கே தோட்டத்துக்குத் தண்ணீர்த் தெளிப்பான் போடக் கூடாது என்பது உங்களுக்கே தெரியும். இந்தச் செடிக்கு அது தண்டனையே இல்லை. நமக்கு ஆண்டு முழுக்க விழும் 700 மில்லிமீட்டர் சொச்சத்தில் பெரும்பங்கு மே முதல் செப்டம்பருக்குள் விழுந்துவிடுகிறது. மழை பத்து நாள் விட்டுப்போனால் மட்டும் கையால் ஊற்றுங்கள்.

உரத்திலுள்ள பாஸ்பரஸ் விஷம் என்று கடையில் பயமுறுத்துவார்கள். அது பேங்க்சியா, கிரெவில்லியா என்ற இந்த ஊர்ச் செடிகளின் குடும்பத்துக்குப் பெரிதும் பொருந்துகிற பேச்சு. காகிதப் பூ அந்த அளவுக்குச் சுணங்காது. ஆனாலும் நாட்டுச் செடிகளுக்கான மெதுவாகக் கரையும் உரம் ஒரு சிட்டிகை போதும். உங்கள் மாட்டெரு முழுவதையும் கறிவேப்பிலைக்கே கொடுத்துவிடுங்கள்.

ஆகஸ்ட் கடைசியில் முடிந்தால் முல்லேவா பக்கம் ஒரு நடை போய்வாருங்கள். இங்கிருந்து ஏறத்தாழ 450 கிலோமீட்டர் வடக்கே. அதற்கு இப்பாலே மிங்கெனூவுக்குப் பக்கத்தில் கோல்சீம் பூங்கா. மழை நன்றாகப் பெய்த வருடத்தில், ஒருவரும் எருப் போடாத கட்டாந்தரையில் இந்தப் பூ பாய் விரித்திருக்கும். பறிக்க மட்டும் வேண்டாம். அரசு நிலத்துக் காட்டுப்பூவை அனுமதியின்றிப் பறிப்பது குற்றம். என் மனைவி கையை நீட்டினாள், நான் ஓடிப்போய்த் தடுத்தேன். வீடு வரும் வரை என்னிடம் பேசவில்லை.

மெல்பர்ன் களிமண்:

அக்கா, பூ மூடிக்கொள்வது நோயில்லை. நாம் இதழ் என்று நினைப்பது இதழே அல்ல. பூவைச் சுற்றியிருக்கும் செதில் இலைகள். நிஜப் பூக்கள் நடுவில் மஞ்சள் பொட்டாகக் குவிந்திருப்பவை. செதில்கள் வளர்ந்து முடிந்ததும் அவற்றின் செல்கள் செத்துக் காகிதமாகிவிடுகின்றன. ஈரம் பட்டால் ஒரு பக்கம் மட்டும் உப்பும், செதில் உள்பக்கம் வளையும். காய்ந்தால் மறுபடி விரியும். இதற்கு உயிரே தேவையில்லை. என் சமையலறை ஜன்னலில் மூன்று வருடத்துக் காய்ந்த பூ ஒன்று இருக்கிறது. விருந்தினர் வந்தால் அதை ஒரு கிண்ணத் தண்ணீரில் போட்டுக் காட்டுவேன். காப்பி ஆறுவதற்குள் மூடிவிடும்.

எங்கள் பக்கம் களிமண், ஆகவே நான் வளர்ப்பது தங்க நிறத்து ஸீரோகிரைசம், இதுவும் ஒரு காகிதப் பூ வகைதான். இதில் சில ரகங்கள் இரண்டு மூன்று வருடம் நிற்கும். ஒரு முழ உயரத்துக்கு மண்ணை மேடாக்கி நட்ட பிறகுதான் பிழைத்தன. அதற்கு முன் இரண்டு குளிர்காலம் அழுகல். பூத்து ஓய்ந்ததும் பாதிக்கு வெட்டிவிடுவேன். இதன் விதையை மட்டும் மூடவே கூடாது, முளைக்க வெளிச்சம் வேண்டும்.

முள்முள்ளாகக் கறுத்த புழு இலையைத் தின்றால் மருந்தடிக்க வேண்டாம். கொஞ்ச நாளில் ஆரஞ்சும் கறுப்புமாக ஒரு பட்டாம்பூச்சி வரும், பெயின்டட் லேடி என்பார்கள். செடி மறுபடி துளிர்த்துவிடும்.

காயவைக்க வேண்டுமானால் முழுதாக விரிந்த பூவைப் பறிக்காதீர்கள். செதில் இரண்டு சுற்று விரிந்ததுமே வெட்டி, இலையை உருவிவிட்டு, இருட்டில், காற்றாட, தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுங்கள். விட்டுவிட்டால் நடுப்பகுதி பஞ்சாக வெடித்து அலமாரி எல்லாம் விதை.

குன்னூர்ப் பனி:

மாமியாருக்கு என் சார்பில் வணக்கம் சொல்லுங்கள். வாடாமல்லி வேறு. அது அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்தது, முளைக்கீரையின் குடும்பம். காகிதப் பூ சூரியகாந்திக் குடும்பம். எங்கள் மலையில் கட்டுக்கட்டாக வாடாமலர் என்று விற்கிறார்களே, அது மெல்பர்ன்காரர் சொன்ன அந்தத் தங்கப் பூவின் வகைதான், உங்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அதற்குப் பெயர் வைத்த கதையே ஒரு கூத்து. நெப்போலியனின் மனைவி ஜோசபினின் மால்மேசான் தோட்டத்தில் வளர்ந்த செடியைப் பார்த்து 1803-இல் வென்டனா என்ற தாவரவியலாளர் ஒரு பெயர் வைத்தார். பிறகு ஹெலிக்கிரைசம், பிராக்டியாந்தா, இப்போது ஸீரோகிரைசம். ரோடாந்தேயும் அப்படித்தான், சில பாக்கெட்டில் இன்னும் ஹெலிப்டெரம், அக்ரோகிளினியம் என்றே போடுகிறார்கள். நான் மூன்று பாக்கெட் வாங்கி, மூன்றிலும் ஒரே செடி முளைத்த பிறகுதான் இதைக் கற்றேன்.

மணல்தோட்டக்காரி, பெர்த்:

எல்லோருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி ஒரு குவளை ஊற்றிப் பார்த்தேன். தண்ணீர் உருண்டு போய் வாசற்படியில் நின்றது. நாளைக்கே கடைக்குப் போகிறேன்.

டிசம்பரில் செத்த செடியிலிருந்து ஒரு பூவைச் சாமி அலமாரியில் வைத்திருந்தேன். அதை டம்ளர் தண்ணீரில் போட்டு மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூடியதை இமைக்காமல் பார்த்தார். எடுத்துத் துணியில் ஒற்றி வெயிலில் வைத்தார். விரிந்ததும் மறுபடி டம்ளரில் போட்டார். நான்காவது முறைக்குப் பிறகு, எங்கள் ஊர் வாடாமல்லி இப்படியெல்லாம் செய்யாது என்றார்.

ஒரு சந்தேகம், ஐயா: பாக்கெட்டில் நானூறு விதை என்றிருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் தூவிவிடவா?

பழைய கணக்கர், பெர்த்:

பாதியைத் தூவுங்கள், பாதியைக் காகித உறையில் வைத்திருங்கள். முதல் மழை ஏமாற்றினாலும் நத்தை முந்திக்கொண்டாலும் மே கடைசியில் மறுபடி தூவலாம். காலையில் வாளியை எடுக்கும் பழக்கம் வந்தால் கறிவேப்பிலைப் பக்கமே திரும்பிவிடுங்கள்.